ஆமென் வராத பாட்டு

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் கோல்டர் கிரீக் கொட்டகையில் நடந்ததை நெல்டா இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை.

ஏழு வருஷம் உட்கார்ந்து எழுதிய நாடகம். அதில் பாதி முடிந்ததும் நூற்று நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். மேடையில் கதாநாயகி பாடப் பாடக் கூடவே முணுமுணுத்தார்கள். பாட்டு முடிந்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த உட்காரும் மெத்தைகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாடகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.

கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட நெல்டாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மனசு நிறைந்து போனார்கள். அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதம், கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிட்டதுதான் குறை என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் நானும் ஒருத்தி. எதற்கு ஒளிக்க வேண்டும்?

தப்பு எங்கள் மேல் இல்லை, எங்கள் முழங்கால் மேல். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் பாட்டுக் கச்சேரி நடக்கிறது. கிட்டார், ஃபிடில், பாஞ்சோ, பிரிந்துபோன காதல், நின்றுபோன லாரி என்று இரண்டு மணி நேரம் ஓடும். கடைசியாக எல்லாரும் சேர்ந்து ஒரு தோத்திரப் பாட்டு. அது ஆரம்பித்தால் எழுந்து நிற்க வேண்டும், முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தை நடக்கக் கற்கும்போதே இதையும் கற்றுக்கொள்கிறது.

நெல்டாவின் நாடகம் வேறு சங்கதி. நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கூத்து ஒன்று; ஒருவர் கண்ணில் படாமல் ஒருவர் கதவுக்குக் கதவு ஓடுகிற கதை. பள்ளிக்கூடத்தில் நாடக வகுப்பு எடுக்கும் நெல்டா அதைப் பிடித்துக்கொண்டுவந்து எங்கள் ஊர் ஆக்கிவிட்டாள். பாரிஸ் விடுதி நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஆயிற்று. பிரபுக்கள் டிராக்டர் வியாபாரிகள் ஆனார்கள். பேசுகிற இடத்தில் பாதியைப் பாட்டாக்கி ஸ்டீல் கிட்டாரையும் ஃபிடிலையும் உள்ளே விட்டாள்.

மீன் பிடிக்கப் போகிறேன் என்று கணவன் பொய் சொல்கிறான். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று மனைவி பொய் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே மோட்டலுக்கு வந்து சேர்கிறார்கள். மேடையில் ஐந்து கதவு. கணவனின் வண்டி வெளியே நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி முழங்காலிட்டு வேண்டிக்கொள்கிறாள்:

கர்த்தாவே, என் கணவன் பொய்யன், காட்டிக்கொடும்,
நான் சொன்னதும் பொய்தான், அதை மட்டும் மூடிவிடும்.

பாட்டைத் தோத்திர மெட்டில், துளிகூடச் சிரிக்காமல், மனசாரப் பாடவேண்டும். அப்போதுதான் வேடிக்கை. மனைவி வேஷம் கட்டியது நெல்டாவின் அம்மா ஓப்பல் கிரைடர். இருபது வருஷம் அதே மேடையில் நின்று கடைசித் தோத்திரம் பாடியவள். அந்தக் குரல் எழும்பினால் வார்த்தை யார் காதில் விழும்? முழங்கால்தான் நிமிரும்.

திங்கட்கிழமை கொட்டகைக் கமிட்டித் தலைவி மிஸ் ஃபே கூப்பிட்டு அனுப்பினாள். சர்க்கரையாய்ப் பேசுவாள் மிஸ் ஃபே. பேசி முடித்த பிறகுதான் எங்கே வெட்டுப்பட்டது என்று தெரியும். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை, கண்ணு, என்றாள். அன்றைக்கும் ஜனம் பாதியில் போய்விட்டால் அடுத்த வாரத்திலிருந்து பழைய கச்சேரி. பாவம், உன் மேல் யாருக்கும் வருத்தமில்லை.

அந்தச் சனிக்கிழமை இன்றைக்கு.

*

காலை ஏழு மணிக்கு நெல்டா அம்மா வீட்டுச் சமையலறையில் நின்றாள். கையில் புதிதாக எழுதிய இரண்டு பக்கம். தோத்திர மெட்டை எடுத்துவிட்டு அதே வார்த்தைகளை ஓட்டமாகப் பாடுகிற மாதிரி மாற்றியிருந்தாள். அவளுக்கே பிடிக்கவில்லை. விடிய விடிய யோசித்தும் வேறு வழி தோன்றவில்லை.

ஓப்பல் அடுப்பிலிருந்து பிஸ்கட் தட்டை எடுத்து வைத்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தாள். அறுபத்து மூன்று வயது. தலை நிறைய, முடி சுருளச் சுற்றிவைத்த குழல்கள்.

"நல்லா இருக்கு" என்றாள். "டுவைட்டோட டிராக்டர் கடை விளம்பரத்துக்குக் குடுத்துடு." டுவைட் எங்கள் ஊர் டிராக்டர் வியாபாரி; நாடகத்தில் அவனுக்கும் ஒரு வேஷம்.

"அம்மா, விளையாடாதே. இன்னிக்கும் போயிட்டாங்கன்னா என் கதை முடிஞ்சுது."

"போகமாட்டாங்க."

"போன வாரமும் இதைத்தான் சொன்னே."

ஓப்பல் பன் போல உப்பியிருந்த ஒரு பிஸ்கட்டைப் பிளந்து ஹாம் இறைச்சித் துண்டு வைத்து மகள் பக்கம் தள்ளினாள். நெல்டா தொடவில்லை. பாட்டுக்கு முன்னால் யாராவது வந்து, இது முடிவில்லை, உட்காருங்கள் என்று அறிவித்துவிடலாமா என்று அவள் கேட்டாள். அப்படி அறிவித்தால் அன்றைக்கே வேஷத்தைக் கழற்றிவிடுவேன் என்று ஓப்பல் சொன்னாள். சிரிப்பை அறிவித்துவிட்டு யாராவது சிரிக்க வைப்பார்களா?

"பாட்டுல தப்பில்ல" என்றாள் ஓப்பல். "நானும் வாரம் பூரா யோசிச்சுட்டேன். அவங்க எழுந்து நிக்கறது பாட்டுக்காக. நிக்கட்டும், எனக்கென்ன? கிளம்பறது எதுக்காகன்னு பாத்தியா? கடைசில அந்த மனுஷன் ரெண்டு தட்டுத் தட்டறார் பாரு, அதுக்காக."

அந்த மனுஷன் என்றால் வெர்னன் கிரைடர். நெல்டாவின் அப்பா.

எந்தத் தோத்திரமானாலும் முடிவில், கம்பிமேல் இரும்புக் கட்டையை வழுக்கி வாசிக்கிற வெர்னனின் ஸ்டீல் கிட்டார் இரண்டு முறை ஒலிக்கும். முதலாவது ஆ என்று வானத்தைப் பார்த்து ஏறும். இரண்டாவது மென் என்று தரையில் வந்து உட்காரும். அந்த இரண்டாவதுதான் எங்கள் ஊருக்கு வண்டிச் சாவி.

"முதல் தட்டோட அவரை நிறுத்தச் சொல்லு" என்றாள் ஓப்பல். "ஆமென் வராம யாரும் கிளம்பமாட்டாங்க. அப்படியே நிப்பாங்க. அந்த நேரம் பாத்து டுவைட்டை உள்ளாடையோட நாலாங் கதவு வழியா உள்ள விடு. இடைவேளை கிடையாது. ஒரே ஓட்டம்."

நெல்டாவுக்கு உடனே கண்ணில் தெரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் நூற்று நாற்பது பேர், திறக்கும் கதவு, டுவைட். ஏழு வருஷத்தில் அவளுக்கே தோன்றாத இடம்.

"நீயே அவர்கிட்டச் சொல்லேன்."

ஓப்பல் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

*

இந்தக் குடும்பத்தின் கதை புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதத்தில் வெர்னன் ஏரிக்கரையில் நின்ற சக்கர டிரெய்லர் வீட்டுக்குத் தனியாகக் குடிபோனார். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓப்பல் எல்லாரிடமும் சொன்னாள், என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று. அதோடு மேடை ஏறுவதையும் நிறுத்திக்கொண்டாள். நெல்டா அம்மா பக்கம். அப்பா அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள், வருஷா வருஷம், பதினொன்று.

இந்த நாடகத்துக்காக அம்மாவைக் கெஞ்சி மேடைக்குக் கொண்டுவந்தவள், அப்பாவையும் கூப்பிட்டாள். பாசத்தால் அல்ல. வாத்தியக்காரர்கள் நிறைந்த நாஷ்வில் நகரம் வரை தேடியும் அப்படி ஸ்டீல் வாசிக்க வேறு ஆள் அகப்படவில்லை. ஒத்திகைகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்லு என்று ஓப்பல் டிரம்ஸ்காரரிடம் சொல்வாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் வெர்னன் குறைப்பார். டிரம்ஸ்காரர் இதனாலேயே இளைத்துப்போனார் என்று ஊரில் பேச்சு.

பத்து மணிக்கு நெல்டா கொட்டகைக்குப் போனபோது வெர்னன் கம்பிகளுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். அவள் எதிரே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கூலிக்கு வந்த ஆளிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அவர் முழுசாகக் கேட்டார். அப்புறம் தலையை ஆட்டினார்.

"முடியாதும்மா."

"ஒரே ஒரு தட்டுதான். அதை விட்டுடுங்கன்னு சொல்றேன்."

"நாப்பத்தோரு வருஷமா வாசிக்கறேன். ஆரம்பிச்ச தோத்திரத்தை முடிக்காம விட்டதில்ல. எங்க அண்ணன் அடக்கத்தன்னிக்கு மழை கொட்டுச்சு, எல்லாரும் வண்டிக்கு ஓடிட்டாங்க. நான் முடிச்சுட்டுத்தான் எழுந்தேன்."

"இது தோத்திரமே இல்லை. நாடகத்துல ஒரு பொய் சொல்றவ பாடற பாட்டு."

"மெட்டுக்கு அது தெரியாதே" என்றார் வெர்னன்.

பாட்டையே எடுத்துவிடு, எனக்குச் சம்மதம். வைத்தால் முடிக்க விடு. இதற்கு மேல் அவர் நகரவில்லை. நெல்டா அரை மணி நேரம் போராடினாள். கெஞ்சிப் பார்த்தாள், ஏழு வருஷத்தைச் சொன்னாள், மிஸ் ஃபே சொன்னதைச் சொன்னாள். அவர் சிவந்துபோன கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர மசியவில்லை. பிடிவாதம் அந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்கும் சமமாகப் பங்கு போட்டது.

எழுந்திருக்கும்போது நெல்டா ஒன்று தீர்மானித்துவிட்டாள். பாட்டை எடுக்கப்போவதில்லை. தேவைப்பட்டால் அவர் ஒலிபெருக்கியின் மின்கம்பியைத் தன் கையாலேயே பிடுங்குவாள். அவரிடமே அதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

*

பன்னிரண்டு மணிக்கு ஓப்பல் வந்தாள். மோட்டல் காட்சிக்கான மஞ்சள் கவுன், தலையில் இன்னும் சுருள் குழல்கள், காலில் வீட்டுச் செருப்பு. கொட்டகையின் பின்கதவு வழியாக நுழைந்து, நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து, ஸ்டீல் கிட்டாருக்கு முன்னால் போய் நின்றாள். வாத்தியக்காரர்கள் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. டிரம்ஸ்காரர் மட்டும் இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டியிருக்குமோ என்று எழுந்து நின்றார்.

ஓப்பல் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"முடியாதுன்னு சொன்னியாமே" என்றாள் வெர்னனைப் பார்த்து.

பதினோரு வருஷத்தில் முதல் பேச்சு. அவர் இரும்புக் கட்டையைக் கம்பி மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தோத்திரம் ஓப்பல். பாதில விட எனக்குக் கை வராது."

"எல்லாத்தையும் பாதில விட்டுட்டுப் போன ஆள்தானே நீ? வீட்டை விட்டே, என்னை விட்டே. இந்த ஒண்ணுக்கு மட்டும் எங்கிருந்து வந்துது ரோஷம்? இதையும் விட்டுடு. உன் பொண்ணுக்காக."

மேடை ஓரத்தில் நின்ற நெல்டாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷம் அவள் கேட்க நினைத்த கேள்வி. சரியான இடத்தில் சரியான அடி என்று நினைத்தாள்.

வெர்னன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓப்பலைப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக நெல்டாவைப் பார்த்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"சரி ஓப்பல்" என்றார். "ஒரு தட்டோட நிறுத்திக்கறேன்."

ஓப்பல் ஜெயித்த மாதிரி திரும்பி நடக்கவில்லை. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். இன்னும் ஏதோ சொல்ல வேண்டியது இருக்கிற மாதிரி அவள் கை கவுனைக் கசக்கிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் போனாள்.

நெல்டாவுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. டுவைட்டைப் பிடித்து நாலாங் கதவுக்குப் பின்னால் நிறுத்தி நான்கு தடவை சொல்லிக்கொடுத்தாள். ஸ்டீல் ஒரு தட்டுத் தட்டி நிற்கும். உடனே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வா. எண்ணாதே, யோசிக்காதே, வா. டுவைட் நான்கு தடவையும் தலையாட்டினான். தங்கமான மனுஷன். டிராக்டர் விற்பான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் உட்காருவான்.

*

இரண்டு மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. போன வாரம் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தாலும் நன்றாக இருந்தது என்று ஊரெல்லாம் நல்ல பேர். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். மிஸ் ஃபே முதல் வரிசையில், மடியில் கைப்பை, கைப்பை மேல் இரண்டு கை.

முதல் ஒரு மணி நேரம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. கதவுகள் திறந்தன, மூடின, மீன் தூண்டில் ஒரு கதவில் மாட்டிக்கொண்டது, ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்புறம் மேடையில் எல்லாரும் ஓடி மறைந்தார்கள். ஓப்பல் மட்டும் ஜன்னல் பக்கம் போனாள், வண்டியைப் பார்த்தாள், முழங்காலிட்டாள்.

கர்த்தாவே, என் கணவன் பொய்யன், காட்டிக்கொடும்.

சரக்கென்று நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. நிற்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்த நாங்கள் சிலர் வாரம் பூரா அதைப் பேசிச் சிரித்திருக்கிறோம். ஆனாலும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தொப்பியைக் கழற்றினார். எல்லாரும் பாடினோம். இரண்டாவது வரிசைக்காரி மெத்தையைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டாள்.

மேடைக்கு இடது ஓரத்தில் நெல்டா பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்தது. வெர்னனின் இடது கை கம்பிகள் மேல் மெல்ல ஏறியது.

ஆ.

அத்தோடு நின்றார்.

சத்தம் கொட்டகை முழுக்கப் பரவி அப்படியே தொங்கியது. ஒருவரும் அசையவில்லை. மெத்தை சுருட்டியவள் பாதி சுருட்டலில் நின்றாள். நூற்று ஐம்பது பேர் அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஓப்பல் சொன்னது அப்படியே பலித்தது.

ஆனால் நாலாங் கதவு திறக்கவில்லை.

நெல்டா எட்டிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் கணுக்கால்வரை நீண்ட சிவப்பு உள்ளாடையில் டுவைட் நின்றிருந்தான். கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றிருந்தான். தோத்திரம் இன்னும் முடியவில்லையே. ஆமென் வராமல் ஒரு கிறிஸ்தவன் உள்ளாடையோடு எப்படி உள்ளே வருவான்?

அவனுக்கும் நெல்டாவுக்கும் நடுவே மேடை. கையை ஆட்டினாள். கண்ணை மூடியிருப்பவனுக்குக் கை தெரியுமா? பின்புறமாகச் சுற்றி ஓடினாள்.

ஸ்டீல் ஒலி மங்கிக்கொண்டே வந்தது. வெர்னன் அதே தட்டை மறுபடி தட்டினார். அவர் கை அடுத்த தட்டுக்கு இழுத்துக்கொண்டு போவது மூன்றாவது வரிசையிலிருந்தே தெரிந்தது. அந்தக் கை இறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. எங்கள் முழங்கால்கள் தயாராக இருந்தன. யாரோ ஒருவர் இருமினார். பின்னால் ஒரு குடும்பம் நடைபாதைக்கு நகர்ந்தது.

முழங்காலிட்டிருந்த ஓப்பல் கண்ணைத் திறந்து நாலாங் கதவைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டீல் கிட்டாரைப் பார்த்தாள். மூச்சை இழுத்து, பிரதியில் இல்லாத ஒரு அடியைப் பாடினாள்.

கர்த்தாவே, இன்னொரு பொய்யும் உண்டு, கேளும்.

ஜனம் சிரித்தது. நகர்ந்த குடும்பம் நின்றது. ஆமென் வராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பாட்டு இன்னும் இருக்கிறது.

பதினோரு வருஷமாய் ஊருக்கு நான் சொன்னேன்,
அவன் விட்டுப்போனான் என்று.
பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தவள் நான்,
போ என்று சொன்னவள் நான்.

சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் ஊரில் பதினோரு வருஷம் என்றால் யாருடைய பதினோரு வருஷம் என்று யாருக்குத் தெரியாது? மிஸ் ஃபேயின் கை கைப்பையிலிருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டது. வெர்னன் தலையைத் தூக்கவே இல்லை. கட்டை பிடித்த கை மட்டும் அந்த ஒரே தட்டில் அப்படியே இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஓடிவந்த நெல்டா டுவைட்டின் முதுகில் கையை வைத்த நேரம் அது. பலகைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. பதினோரு அட்டைகள் ஞாபகம் வந்தன. திருப்பி அனுப்பும்போது உறையில் தன் கையெழுத்தை எவ்வளவு அழுத்தி எழுதினாள் என்பது ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது.

நாடகம் நின்றுகொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் டுவைட்டை ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

கதவு படாரென்று திறந்தது. டுவைட் சிவப்பு உள்ளாடையோடு, கோத்த கையோடு, மேடை நடுவில் வந்து விழுந்தான். விழுந்த வேகத்தில் அவன் வாயிலிருந்து ஆமென் என்று தானாகவே வந்துவிட்டது.

அந்த மாதிரி சிரிப்பை அந்தக் கொட்டகை கேட்டதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தது. சிரித்துக்கொண்டே எல்லாரும் உட்கார்ந்தோம். சுருட்டிய மெத்தைகள் விரிந்தன. ஃபிடில் பிடித்துக்கொண்டது, டிரம்ஸ் பிடித்துக்கொண்டது, ஓப்பல் ஓடி இரண்டாங் கதவுக்குள் புகுந்தாள். அடுத்த ஒரு மணி நேரம் ஒருவரும் இடத்தை விட்டு எழவில்லை.

*

முடிந்ததும் மிஸ் ஃபே மேடைக்குப் பின்னால் வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் உனக்குத்தான், அதற்கடுத்த சனிக்கிழமையும், கண்ணு, என்றாள். கண்ணில் மை கலைந்திருந்தது; சிரித்ததாலா, வேறு எதனாலா என்று நெல்டா கேட்கவில்லை. ஏழு வருஷம் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. நன்றி சொன்னாள். சந்தோஷப்பட அவளுக்கு நேரமில்லை.

வெர்னன் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நெல்டா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா பாடினது நெஜமா?"

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"பாட்டு நல்லா இருந்துச்சா?"

"அப்பா."

அந்த வார்த்தை அவரை நிறுத்தியது. துணியை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார். "அது உங்கம்மாவோட பாட்டும்மா" என்றார் கடைசியில். "இத்தனை நாள் நான் அதைப் பாடல. இப்பவும் பாடமாட்டேன். அவகிட்டக் கேளு."

தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பின்கதவு வழியாக வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிறதா என்று நெல்டா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்கவில்லை.

ஓப்பல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்துச் சாயத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்ததைக் கண்ணாடியிலேயே பார்த்தாள். திரும்பவில்லை.

நெல்டா என்னென்னவோ கேட்க வந்தாள். ஏன் சொன்னாய், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, மத்தியானம் அவர் முகத்துக்கு நேராக அப்படிக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது?

"மத்தியானம் அவரை அப்படிக் கேட்டேன் இல்ல" என்றாள் ஓப்பலே. "எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலை. உன் எதிரே என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டார். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடலை."

"இன்னிக்குக் கதவு சரியாத் திறந்திருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டேன்." பஞ்சைக் கீழே வைத்தாள். "ஆனா சொல்லிட்டேன். அதைத் திருப்பி வாங்கமாட்டேன். அடுத்த சனிக்கிழமையும் பாடுவேன், அதுக்கடுத்த சனிக்கிழமையும் பாடுவேன். பிரதியில எழுதிக்கோ."

"அம்மா, ஊரே கேக்கும்."

"பொய்யையும் ஊரேதானே கேட்டுது? எழுது."

நெல்டா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தது, நிறைய இருந்தது. இன்றைக்குத் தீருகிற கோபம் இல்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரதியைப் பிரித்தாள், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

"மெதுவாச் சொல்லு" என்றாள்.

ஓப்பல் இந்தத் தடவை பாடவில்லை. சாயம் பாதி போன முகத்தோடு, மகளை நேருக்கு நேர் பார்த்து, வெறும் குரலில் சொன்னாள். மேடையில் அவன் என்று பாடிய இடத்தில் வெர்னன் என்று சொன்னாள்.

நெல்டாவின் பென்சில் ஒரு கணம் நின்றது. அப்புறம் அவள் அந்தப் பெயரையே எழுதினாள்.